ஆறரை மணிக்கு வராத வெளிச்சம்

2017 இல் ஒரு நாள், இரவு எட்டு மணி இருக்கும். மில்லில் கணக்கு வேலையை முடித்து வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். போன் அடித்தது. நத்தம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பேசினார்.

"தம்பி, நீங்க போட்டிருந்த நேரத்துக்கு இருபது புள்ளைகள மொட்டைமாடியில நிறுத்தி வச்சிருந்தேன். ஒண்ணுமே வரலையே?"

குரலில் கோபம் இல்லை. அவர் காட்ட நினைத்தது சர்வதேச விண்வெளி நிலையம் நம் ஊருக்கு மேலே கடந்து போவதை. அந்த வாரம் அது எந்தத் திசையில் எழும், எத்தனை மணிக்கு வரும் என்று, வானியலைத் தமிழில் எழுதும் என் இணையதளத்தில் போட்டிருந்தேன். போனை வைத்துவிட்டுக் கணக்கைத் திரும்பப் பார்த்தேன். உலகப் பொது நேரத்தை இந்திய நேரமாக மாற்ற ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட வேண்டும். நான் ஐந்தை மட்டும் கூட்டியிருந்தேன். 7:02 க்கு வர வேண்டியதை 6:32 என்று போட்டுவிட்டேன். பிள்ளைகள் ஏழு மணிக்குள் கலைந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் போன பிறகு, யாரும் பார்க்காத அந்த மாடிக்கு மேலே அது போயிருக்கிறது.

அன்று இரவு நான் சரியாகத் தூங்கவில்லை. அதற்கு முன் எட்டு வருடமாக அந்தத் தளத்தை நடத்திவந்தேன். கலிலியோ தொலைநோக்கியை வானத்துக்குத் திருப்பி 400 ஆண்டுகள் ஆனதை ஒட்டி 2009 ஐ உலக வானியல் ஆண்டாகக் கொண்டாடினார்கள். அந்த உற்சாகத்தில் தொடங்கியது. சின்ன வயதில் அப்பா என்னைக் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார். சூரியனின் உருவத்தில் கருப்பாக இருந்த ஒரு புள்ளியைக் காட்டி, "அந்தப் புள்ளிக்குள்ள நம்ம பூமி அடங்கிப்போகும்டா" என்றார். ஜான் எவர்ஷெட் 1909 இல், சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தது அதே இடத்தில்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இதையெல்லாம் தமிழில் எழுத வேண்டும் என்று தோன்றியது, எழுதினேன். காசு வரும் என்ற எண்ணமே இல்லை. தப்பு வந்தால் திருத்திக்கொள்ளலாம், இது பொழுதுபோக்குத்தானே என்று இருந்தேன். அந்தப் போனுக்கு அப்புறம் என்னால் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. என் சொல்லை நம்பி ஒருவர் இருபது பிள்ளைகளை மாடிக்கு ஏற்றுகிறார் என்றால், எனக்குச் சம்பளம் வருகிறதோ இல்லையோ, அது வேலைதான்.

மறுநாளிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எந்த நேரத்தைப் போடுவதானாலும் இரண்டு வழியில் கணக்கிட்டுப் பார்ப்பேன். ஊர் ஊராகத் தனி நேரம் போடத் தொடங்கியதும் அப்போதுதான். சென்னையில் சூரியன் மறைந்து சுமார் 13 நிமிடம் கழித்துத்தான் கோயம்புத்தூரில் மறையும். கீழ்வானத்தில் புதனைத் தேடுகிறவருக்கு அந்த 13 நிமிடம் பெரிய விஷயம். படிக்கிறவர்கள் என்னிடம் எதிர்பார்ப்பது அழகான நடை இல்லை, தங்கள் ஊர் மாடியில் எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் என்பதைத்தான் என்று மெல்லப் புரிந்தது.

2019 டிசம்பர் 26 வந்தது. சூரியன் நடுவில் மறைந்து வளையமாகத் தெரியும் கங்கண சூரிய கிரகணத்தின் பாதை கோவை, ஈரோடு, திண்டுக்கல் வழியாகப் போனது. எங்கள் ஊரிலேயே முழு வளையம் தெரியும். ஒரு பள்ளி மைதானத்தைக் கேட்டு வாங்கினோம். வருட முடிவுக் கணக்கு நேரம், ஆனாலும் விடுப்புப் போட்டேன். காலை எட்டு மணியிலிருந்து கூட்டம் சேர்ந்தது. கிரகணக் கண்ணாடிகளைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். ஒன்பதரையை ஒட்டி வெயிலின் சூடு குறைந்தது. மைதானத்து ஓரத்தில் ஒரு புங்கமரம் இருந்தது. இலை இடுக்குகள் ஒவ்வொன்றும் ஊசித்துளைக் கேமரா மாதிரி சூரியனின் உருவத்தைத் தரையில் விழவைக்கும் என்று எழுதியிருந்தேனே தவிர, நானே பார்த்ததில்லை. மரத்தடி மண்ணில் அதுவரை பிறை பிறையாகக் கிடந்த வெளிச்சம் நூற்றுக்கணக்கான வளையங்களாக மாறியது. ஒரு பாட்டி தன் சேலை முந்தானையை விரித்துப் பிடித்தார். அதில் ஏழெட்டு வளையங்கள் விழுந்தன. மூன்று நிமிடம் அப்படியே நின்றார். கிரகண நேரத்தில் வெளியே வரக் கூடாது என்று வீட்டில் தடுத்ததையும் மீறி வந்தவர் அவர்.

2020 ஜனவரி முடிவில் வேலையை விட்டேன். அதற்கு முன் வீட்டில் பேசினோம். மனைவி ஒரு நிபந்தனைதான் வைத்தாள்: "ஒரு வருஷம் பார்க்கலாங்க. ஆனா கடன் மட்டும் வாங்கக் கூடாது." ஃப்ரேசர் கெய்ன் என்பவர் 1999 இல் தொடங்கிய யூனிவர்ஸ் டுடே என்ற விண்வெளிச் செய்தித் தளம் அவருக்கு முழுநேர வேலையானதை அவளிடம் சொன்னேன். அது ஆங்கிலம், உலகம் முழுக்கப் படிப்பார்கள். தமிழில் விளம்பர வருமானத்தை மட்டும் நம்பினால் சர்வர் வாடகை தேறும், வீட்டு வாடகை தேறாது. அதைக் கூட்டிக் கழித்துப் பார்த்துத்தான் இறங்கினேன். பள்ளிகளுக்குத் தொலைநோக்கியோடு போய் இரவு வான நிகழ்ச்சி நடத்துவது என் திட்டம்.

மார்ச்சில் ஊரடங்கு. பள்ளிகள் மூடின. பேசி வைத்திருந்த ஆறு நிகழ்ச்சிகளும் போயின.

அந்த ஏப்ரல் மாதத்தை நான் மறக்க மாட்டேன். எல்லாரும் மாலையில் மாடிக்கு வந்தார்கள். மேற்கே வெள்ளிக் கோள் கண் கூசும் அளவுக்கு ஒளிர்ந்தது. ஏப்ரல் 3, 4 தேதிகளில் அது கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தை ஒட்டியே போனது. "மேக்கால அது என்ன தம்பி, பிளேனா?" என்று நாளுக்குப் பத்துப் போனாவது வரும். வந்த ஒவ்வொரு போனுக்கும் பதில் சொன்னேன். ஒரு பள்ளித் தாளாளர், "இதையே பிள்ளைகளுக்கு ஆன்லைன்ல வகுப்பா எடுங்களேன், கட்டணம் வாங்கித் தர்றேன்" என்றார். அப்படித்தான் முதல் நிலையான வருமானம் வந்தது. நான் போட்ட திட்டத்தில் அது இல்லவே இல்லை. பிறகு ஆசிரியர் பயிற்சி, இதழ்களுக்கு மாதாமாதம் வானக் குறிப்பு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. கடன் வாங்கவில்லை.

பள்ளிகள் திறந்த பிறகு இரவு நிகழ்ச்சிகளே முக்கிய வேலை. என்னுடையது எட்டு அங்குல டாப்சோனியன் வகைத் தொலைநோக்கி. மோட்டார் கிடையாது, கையால் தள்ள வேண்டும். 120 மடங்கு உருப்பெருக்கத்தில் வைத்தால் பூமி சுழலும் வேகத்துக்கு ஒன்றரை நிமிடத்தில் கோள் பார்வையை விட்டு ஓடிவிடும். மூன்று பிள்ளைகளுக்கு ஒரு தடவை குனிந்து சரிசெய்ய வேண்டும். நூற்றைம்பது பிள்ளைகள் என்றால் ஐம்பது தடவை. இடுப்பு பிடித்துக்கொள்ளும். குட்டையான பிள்ளைக்கு ஸ்டூல் போட வேண்டும். குழாயைப் பிடித்துக்கொள்ளாதே, கையைப் பின்னால் கட்டிக்கொள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டும். வரிசையில் கடைசி ஆளுக்கும் முதல் ஆளுக்குக் கிடைத்த அதே நேரம் கிடைக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் மழை. அந்த இரண்டு மாதம் வருமானம் பாதியாகும். மேகத்தைப் பார்த்தாலே வயிற்றில் ஒரு கலக்கம் வருகிறது. வேலையாக மாறியதில் நான் இழந்தது என்றால், மேகத்தையும் ரசித்த அந்தப் பழைய மனசைத்தான் சொல்வேன்.

2025 இல் ஒரு சோதனை வந்தது. பள்ளிகள் கூப்பிடும்போது முதலில் கேட்பது சனியின் வளையத்தைத்தான். ஏறக்குறைய 15 ஆண்டுக்கு ஒருமுறை அந்த வளையத்தின் விளிம்பு நம் பக்கம் திரும்பும். இரண்டரை லட்சம் கிலோமீட்டருக்கு மேல் விரிந்த வளையம், ஆனால் பெரும்பகுதியின் தடிமன் சில பத்து மீட்டர்தான். விளிம்பைப் பார்த்தால் என்ன தெரியும்? மார்ச்சில் நேர் விளிம்பு. செப்டம்பரில், சனி நன்றாகத் தெரியும் காலத்தில், மெல்லிய கோடு. கூப்பிட்ட ஒவ்வொரு பள்ளிக்கும் இதைச் சொன்னேன். படத்தில் பார்க்கிற வளையம் இந்த வருடம் தெரியாது, பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் என்றேன். ஒரு பள்ளி ரத்து செய்தது. வருத்தம்தான். சொல்லாமலே போயிருந்தால் அந்தப் பணம் வந்திருக்கும் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். நத்தம் ஆசிரியரின் குரல் நினைவுக்கு வந்தது.

இன்னொரு பள்ளி வரச் சொன்னது. செப்டம்பர் கடைசி வாரம், எட்டரை மணி. மைதான விளக்குகளை அணைக்கச் சொன்னேன். காரணத்தைக் காட்ட ஒரு சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டேன். தட்டைச் சாய்த்தும் நிமிர்த்தியும், அதன் வட்டம் தெரிவதையும் விளிம்பு மட்டும் தெரிவதையும் காட்டினேன். அப்புறம் வரிசை நகர்ந்தது. ஆறாவது படிக்கும் பெண் ஒருத்தி ஸ்டூலில் ஏறி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வெகு நேரம் பார்த்தாள்.

"சார், தட்டு நேரா நிக்குது. கோடு தெரியுது."

"நல்லாப் பாரும்மா."

"திரும்ப எப்ப சாயும்?"

வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாயும், நீ பத்தாவது படிக்கும்போது நன்றாக விரிந்திருக்கும் என்றேன். அப்போதும் வருவீர்களா என்று கேட்டாள். வருகிறேன் என்றேன். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பள்ளியின் பெயரையும் 2029 என்ற ஆண்டையும் நிகழ்ச்சி நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன்.