டெய்சி ஜோன்ஸும் பெரியப்பாவின் செட்டும்

ஜூலை 18

டெய்லர் ஜென்கின்ஸ் ரீட் எழுதிய ‘டெய்சி ஜோன்ஸ் அண்ட் தி சிக்ஸ்’ நாவலை நேற்று ராத்திரி சும்மா புரட்டிப் பார்க்கலாம் என்று எடுத்தேன். அம்மா வந்து விளக்கை அணைக்கச் சொல்லும் வரை கீழே வைக்கவில்லை. 2019-ல் வந்த புத்தகம். எழுபதுகளில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஓகோவென்று இருந்து, உச்சத்தில் இருக்கும்போதே உடைந்துபோன ஒரு ராக் இசைக்குழுவின் கதை. அப்படி ஒரு குழு உலகத்தில் இருந்ததே இல்லை. ஆனால் பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் அது எனக்கு மறந்துவிட்டது.

காரணம் எழுதியிருக்கும் விதம். வர்ணனை கிடையாது, கதை சொல்லி கிடையாது. வருஷங்கள் கழித்து யாரோ ஒருவர் குழுவில் இருந்த ஒவ்வொருவரையும் தனித்தனியாக உட்கார வைத்துப் பேட்டி எடுத்திருக்கிறார். பெயர், அதன் பக்கத்தில் அவர் சொன்னது, அவ்வளவுதான். குழுவின் தலைவன் பில்லி ஒன்று சொல்வான், அடுத்த வரியிலேயே அவனோடு பாடிய டெய்சி வேறு மாதிரி சொல்வாள். யார் சொல்வது நிஜம் என்று புத்தகம் தீர்ப்பு சொல்லாது.

ஜூலை 20, ஞாயிறு

‘ஹனிகோம்ப்’ பாட்டு வரும் இடத்தை இன்று திரும்பத் திரும்பப் படித்தேன்.

பில்லி டன் தன் மனைவி கமிலாவுக்காக எழுதிய பாட்டு அது. குடியிலும் போதையிலும் விழுந்து எழுந்தவன். இனி நம் வாழ்க்கை இப்படி இப்படி இருக்கும் என்று அவளுக்குக் கொடுக்கும் வாக்குதான் பாட்டு. தயாரிப்பாளர் டெட்டி, இதைப் பாட இன்னொரு குரலும் வேண்டும் என்று டெய்சியைக் கூட்டி வருகிறார். வந்தவள் பாடிவிட்டுப் போனால் போதாதா? வரிகளில் கை வைக்கிறாள். அவன் உறுதியாகச் சொன்னதையெல்லாம் நடக்குமா நடக்காதா என்று ஆக்கிவிடுகிறாள். அவனுக்குக் கோபம் கோபமாக வருகிறது. ஆனால் பாட்டு முன்னைவிட நன்றாக ஆகிவிட்டது, அது அவனுக்கும் தெரிகிறது.

மெட்டு என்னவென்று நமக்குத் தெரியாது. புத்தகத்துக்கு ஏது சத்தம்? ஆனாலும் நான் கேட்டேன். ஒரு ஆண் குரல் நிதானமாக ஏறுகிறது, கொஞ்சம் கரகரத்த பெண் குரல் பின்னாலேயே வந்து அதை அசைத்துப் பார்க்கிறது. பாட்டைப் பற்றி எழுத்தாளர் அதிகம் சொல்வதே இல்லை. பாடினவன் கோபத்தையும் கேட்டவர்கள் திகைத்ததையும் சொல்கிறார். அதிலிருந்து பாட்டு தானாகக் காதில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. சங்கீதத்தைப் பற்றி எழுதுவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

ஜூலை 22

ஆபீசில் வேலை அதிகம். மாயவரம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததால் நாலு பக்கம்தான் ஓடியது. கிதார் வாசிக்கிற எட்டி மேல் எல்லாருக்கும் எரிச்சல் வரும், எனக்கு வரவில்லை. தான் வாசிக்க வேண்டியதை ஸ்வரம் ஸ்வரமாக இன்னொருத்தன் சொல்லிக் கொடுத்துக்கொண்டே இருந்தால் எந்த வித்வானுக்குத்தான் பொறுக்கும்?

ஜூலை 26

ஆடி மாசம் என்பதால் தவில் வாசிக்கிற பெரியப்பாவுக்குக் கல்யாண வாசிப்பு இல்லை. அம்மன் கோயில் கச்சேரிகள் மட்டும்தான். திண்ணையில் உட்கார்ந்து விரலுக்குக் கூடு செய்துகொண்டிருந்தார். துணிப் பட்டையில் பசையைத் தடவி, விரல் அளவுக்குச் சுற்றிச் சுற்றி, இழுத்து அழுத்தி வெயிலில் வைப்பார். காய்ந்தால் கல் மாதிரி ஆகிவிடும். வலது கை விரல்களில் அதை மாட்டிக்கொண்டுதான் தவிலின் வலது பக்கமான வலந்தலையில் அடிப்பார். இடது கையில் பூவரசங்குச்சி.

பக்கத்தில் உட்கார்ந்து கதை முழுக்கச் சொன்னேன். ராக் என்றால் அவருக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை. ஆனால் கதையைப் பிடித்துக்கொண்டார்.

“தாளம் யாரும்மா?”

“டிரம்ஸ் வாசிக்கிறது வாரன்னு ஒருத்தர், பெரியப்பா. அவருக்குத்தான் யார்கிட்டயும் சண்டையே இல்லை.”

“இருக்காது. அடிக்கிறவன் முன்னால வாசிக்கிறவன் முகத்தைப் பார்த்துக்கிட்டே இருக்கணும். எல்லாம் தெரியும் அவனுக்கு. வாயைத் திறக்க மாட்டான்.”

அப்புறம் கேரனைப் பற்றிச் சொன்னேன். கீபோர்டு வாசிக்கிறவள். ஆம்பிளைகள் தன் உடம்பைப் பார்க்காமல் வாசிப்பைக் கேட்கட்டும் என்று கழுத்து மூடிய சட்டை போட்டுக்கொண்டு மேடை ஏறுகிறவள். பில்லியின் தம்பி கிரஹாமுக்கு அவள் மேல் உயிர். அவனுக்குக் குடும்பம் வேண்டும், குழந்தை வேண்டும். அவளுக்கு வேண்டியது வாசிப்பு மட்டும்தான். அதில்தான் அந்த உறவு முறிகிறது. சின்ன வயதில் வாய்ப்பாட்டு கற்றுக்கொண்ட எங்கள் அத்தை இதையெல்லாம் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வெளியே வந்து, “அவ பண்ணினதுதான் சரி” என்றார். பெரியப்பா பதில் பேசவில்லை, கூட்டை வெயிலில் திருப்பி வைத்தார்.

ஜூலை 29

முடித்துவிட்டேன். 1979 ஜூலையில் சிகாகோவில் கடைசிக் கச்சேரி. மறுநாள் குழு இல்லை. ஏன் என்பதுதான் புத்தகம். பேட்டி எடுப்பவர் யார் என்பது கடைசியில்தான் தெரிகிறது. படிக்கப் போகிறவர்களுக்காக அதை இங்கே எழுத மாட்டேன். அது தெரிந்த பிறகு முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தேன், ஒவ்வொருவர் பேச்சும் வேறாகக் கேட்டது.

டெய்சியைத்தான் எல்லாரும் கொண்டாடுவார்கள். எனக்குக் கமிலா. கண் முன்னால் நடப்பதெல்லாம் தெரிந்தும், புருஷனை நம்புவது என்று தானே முடிவு செய்து, அதில் உறுதியாக நிற்கிறாள். அப்பாவி என்று அவளை நினைத்தால் புத்தகத்தைச் சரியாகப் படிக்கவில்லை என்பேன்.

ஃப்ளீட்வுட் மேக் என்ற நிஜ ராக் குழுவின் சாயல் இதில் இருப்பதை ரீடே சொல்லியிருக்கிறார். அவர்கள் 1997-ல் மறுபடி ஒன்றுகூடி நடத்திய கச்சேரியில் ஸ்டீவி நிக்ஸ் பாட, லிண்ட்சி பக்கிங்ஹாம் பக்கத்தில் நின்று வாசித்ததை ரீட் சிறுமியாக இருந்தபோது டிவியில் பார்த்திருக்கிறார். ஒரு காலத்தில் காதலர்களாக இருந்து பிரிந்தவர்கள் அந்த இரண்டு பேரும். குழுவுக்குள் ஜோடிகள் பிரிந்துகொண்டிருந்தபோதே போட்ட ‘ரூமர்ஸ்’ ஆல்பம்தான் 1977-ல் அவர்களை உச்சிக்குக் கொண்டுபோனது. மனஸ்தாபத்தோடு ஒரே மேடையில் நின்று சுருதி சேர்வது எப்படி என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கதை உண்டு.

ஜூலை 31

இந்த நாவல் 2023-ல் தொடராக வந்தபோது கதையில் வரும் ‘அரோரா’ ஆல்பத்தை நிஜமாகவே பாட்டுகளாகப் போட்டு வெளியிட்டார்கள். டெய்சியாக நடித்த ரைலி கியோ, எல்விஸ் பிரெஸ்லியின் பேத்தி. அவரும் பில்லியாக நடித்த சாம் கிளாஃப்லினும் சொந்தக் குரலில் பாடியிருக்கிறார்கள். இன்று கேட்டேன். நல்ல பாட்டுகள், உழைப்பு தெரிகிறது. ஆனால் நான் கேட்ட அரோரா அது இல்லை. இனி என் காதில் இருப்பதையே வைத்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

காவிரியில் தண்ணீர் நிறையப் போகிறது. படித்துறையில் அம்மா காப்பரிசியும் காதோலை கருகமணியும் வைத்துப் படைத்து, எல்லாருக்கும் மஞ்சள் கயிறு கட்டினார். அங்கே பெரியப்பாவின் பழைய நாகஸ்வர செட்டில் ஒத்து, அதாவது சுருதிக்காக ஒரே ஸ்வரத்தை ஊதும் குழல், ஊதிய மாமாவைப் பார்த்தேன். ஒத்துக்குப் பதில் சுருதிப் பெட்டி வந்த பிறகு அவர் வாசிக்கப் போவதில்லை. பெரியப்பாவும் அதே செட்டில் நாகஸ்வரம் வாசித்த அண்ணாவும் எதனால் பிரிந்தார்கள் என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

பெரியப்பா எங்களுக்குச் சொல்லியிருப்பது இது: ஒரு கல்யாணத்தில் அவர் தனி வாசித்துக்கொண்டிருக்கும்போது, பாதியிலேயே அண்ணா நாகஸ்வரத்தின் சீவாளியை வாயில் வைத்து ஊத ஆரம்பித்துவிட்டார், சபை நடுவே அவமானம். மாமா சொன்னது வேறு. முகூர்த்த நேரம் நெருங்கிவிட்டது, ஐயர் விரலை உயர்த்திக் கெட்டிமேளம் என்று இரண்டு முறை கத்தினார், பெரியப்பா காதில் விழவே இல்லை. தாலி கட்டுகிற நேரத்துக்கு மேளம் இல்லாமல் போய்விடுமே என்றுதான் அண்ணா ஊதினார். “ஆனா அன்னிக்கு உங்க பெரியப்பா வாசிச்ச மாதிரி நான் கேட்டதே இல்லம்மா. எனக்கே கெட்டிமேளம் காதுல விழல, பக்கத்துல இருந்தவங்க அப்புறமா சொன்னாங்க” என்றார்.

அந்த வாசிப்புக்குப் பதிவு கிடையாது. பெரியப்பா சொல்லும்போது எனக்கு அது வெறும் சண்டையாகத்தான் இருந்தது. இரண்டு பேர் சொன்னதையும் சேர்த்து வைத்ததும் தவில் கேட்கிறது.

வீட்டுக்கு வந்து பெரியப்பாவிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். செட்டில் இருந்த எல்லாரையும் பார்த்துப் பேசி எழுதி வைக்கப் போகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “தாளம் போட்ட பையன் இப்ப குத்தாலத்துல இருக்கான். முதல்ல அவனைக் கேளு” என்றார். அண்ணா வீடு திருவிடைமருதூரில். அவரைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். வரும் சனிக்கிழமை குத்தாலம்.