சொல்லாமல் போன தோழி

இளையோர் நாவல்களுக்குப் பதிப்பாசிரியராக வேலை பார்க்கிறேன். நானே ரசித்துப் படித்த ஓர் அத்தியாயத்தை முழுதாக நீக்கச் சொன்னது ஒரே ஒரு முறைதான்.

1964-இல் கிழக்கு பெர்லினில் நடக்கும் கதை. பதினைந்து வயதுத் தோழியர் இருவர். ஒருத்தி குடும்பத்தோடு சுரங்கம் வழியாக மேற்கே தப்பிவிடுகிறாள். மற்றவள் அங்கேயே இருக்கிறாள். புறப்படுவதற்கு முந்தைய மாலை இருவரும் கட்டிக்கொண்டு அழுது விடைபெறுகிறார்கள். எனக்கும் கண் கலங்கியது. ஓரத்தில் ‘அருமை’ என்று பென்சிலால் எழுதினேன்.

மெய்ப்புப் பார்க்கும் அம்மாள் அந்தப் பக்கத்தோடு என் மேசைக்கு வந்தார். “இவள் சொல்லிவிட்டுப் போகிறாளே, அப்புறம் அந்தப் பெண்ணின் கதி என்னம்மா?”

எனக்குப் பதில் வரவில்லை. 1961 ஆகஸ்ட் 13 அன்று எல்லை மூடப்பட்ட நகரம் அது. தப்பிக்க ஆயத்தம் செய்வதே அங்கே குற்றம். ஒருவர் காணாமல் போனால் அவரோடு பழகியவர்களை ஸ்டாசி, அதாவது ரகசியக் காவல்துறை, கூப்பிட்டு விசாரிக்கும். தோழியிடம் உண்மையைச் சொல்வது அவள் கழுத்தில் கல்லைக் கட்டுவதற்குச் சமம். அவளை உயிருக்கு உயிராக நேசிப்பவள் வாயே திறந்திருக்க மாட்டாள்.

அதன் பிறகுதான் கைப்பிரதியை ஒழுங்காகப் படித்தேன் என்று சொல்ல வேண்டும். நாவலுக்கு அடிப்படை, ‘சுரங்கம் 57’ என்று வரலாற்றில் பதிவான நிகழ்ச்சி. மேற்கு பெர்லின் மாணவர்கள் பெர்னாவர் தெருவில் மூடிக் கிடந்த ஒரு ரொட்டிக் கடையிலிருந்து ஏறக்குறைய 145 மீட்டர் தோண்டினார்கள். அது கிழக்கே ஒரு வீட்டு முற்றத்துக் கழிப்பறையில் போய்த் திறந்தது. ‘டோக்கியோ’ என்பதுதான் அடையாளச் சொல். அக்டோபர் தொடக்கத்தில் இரண்டு இரவுகளில் 57 பேர் தப்பினார்கள். கைப்பிரதியில் பிள்ளைகள் சுரங்கத்துக்குள் ஓடினார்கள். உயரமோ ஒரு மீட்டர்கூட இல்லை. அலுவலகத்தின் நீண்ட மேசைக்கு அடியில் நானே தவழ்ந்து பார்த்தேன். மறுமுனைக்கு வருவதற்குள் முழங்கால் எரிந்தது, தலை இரண்டு முறை இடித்தது. ‘ஓடினார்கள்’ என்ற சொல்லை எல்லாப் பக்கங்களிலும் அடித்தேன்.

இரண்டாம் இரவில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஓர் இளம் எல்லைக் காவலர் இறந்தார். சுரங்கம் தோண்டியவர்களே கொலைகாரர்கள் என்று கிழக்கு ஜெர்மனி பல்லாண்டுகள் பிரசாரம் செய்தது. பள்ளிகளுக்கும் அவர் பெயரைச் சூட்டியது. உயிரைப் பறித்த குண்டு சக காவலர் ஒருவருடையது என்பது ஜெர்மனி ஒன்றான பிறகே வெளிவந்தது. எழுத்தாளர் இதைத் தொடாமல் விட்டிருந்தார். சேர்த்தே ஆக வேண்டும் என்றேன். தோழியைக் காப்பாற்றியவர்களைக் கொலைகாரர்கள் என்று வகுப்பறையில் கேட்டபடி உட்கார்ந்திருப்பவள், போகாமல் நின்ற அந்தப் பெண்தானே!

விடைபெறும் காட்சிக்கு மட்டும் எழுத்தாளர் எளிதில் இசையவில்லை. இரண்டு வாரம் வாதாடினார். பிறகு ஒரு நாள் புதிய பக்கங்கள் வந்தன. இரவல் வாங்கிய கணக்கு நோட்டை ஒருத்தி திருப்பித் தருகிறாள். “நாளைக்குத் தந்தால் போதுமே” என்கிறாள் மற்றவள். “இல்லை, இன்றைக்கே வைத்துக்கொள்.” அவ்வளவுதான். கூடவே கடைசியில் ஓர் அத்தியாயம். 1992-இல் ஸ்டாசி கோப்புகளை மக்கள் படிக்க அனுமதி கிடைத்தபோது, நாற்பதைத் தாண்டிய அந்தத் தோழி தன் விசாரணைத் தாளைப் புரட்டுகிறாள். எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே பதில்: “எனக்குத் தெரியாது.” அவள் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.