ஆப்பிள் ஒரு சிறிய, மலிவான மடிக்கணினியைச் செய்ய வேண்டும்

அரூரிலிருந்து தருமபுரிக் கல்லூரிக்கு நாள்தோறும் பேருந்தில் சென்றுவரும் என் அக்கா மகளுக்காகச் சென்ற வாரம் கடை கடையாக ஏறி இறங்கினோம். கையிலிருந்த 35 ஆயிரம் ரூபாய்க்குக் கிடைத்தவை எல்லாம் கனமாகவும் மங்கலான திரையோடும் இருந்தன. ஆப்பிளின் மெல்லிய மடிக்கணினியான மேக்புக் ஏர் எட்டாத விலையில் இருந்தது.

2008-ல் ஏசஸ் நிறுவனத்தின் ஈ பிசி போன்ற, நெட்புக் எனப்படும் சிறிய மலிவு மடிக்கணினிகள் பரபரப்பாக விற்றபோது, 500 டாலருக்குத் தரமான கணினியைச் செய்யத் தங்களுக்குத் தெரியாது என்று சொல்லி ஆப்பிளின் அன்றைய தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒதுங்கினார். அந்த நெட்புக்குகளின் மெதுவான இன்டெல் ‘ஆட்டம்’ (Atom) சிப்பையும் விரல்கள் இடிக்கும் விசைப்பலகையையும் நினைத்தால், அன்றைக்கு அது நேர்மையான முடிவு என்றே கருதுகிறேன். 2010-ல் 499 டாலருக்கு ஐபேட் வந்தது. ஆனால் நீண்ட கட்டுரையைத் தட்டச்சு செய்ய வேண்டிய மாணவிக்கு அது போதாது.

2020-ல் ஐபோன் சிப்புகளின் வழியில் உருவான ஆப்பிளின் எம்1 சிப், மின்விசிறியே இல்லாத மேக்புக் ஏரை வேகமாக இயக்கிக் காட்டிய பிறகு, அந்தப் பழைய காரணம் நிற்கவில்லை. உலோக உடலையும் கம்பிகளைச் செருகும் கூடுதல் துளைகளையும் குறைக்கலாம்; விசைப்பலகையிலும் பேட்டரியிலும் மட்டும் கை வைக்கக் கூடாது. மலிவுப் பொருளால் ஆப்பிளின் பெயர் கெடும் என்பதை நான் ஏற்கவில்லை. 2005-ல் 99 டாலருக்கு ஐபாட் ஷஃபிள் என்ற சிறிய பாட்டுக் கருவியை விற்றவர்களும் இவர்களே.

பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஓசூர் அருகே டாட்டா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில், ஐபோனின் பாகங்களைச் செய்பவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். அவர்களுடைய தங்கைகள் வாங்கக்கூடிய விலையில் அந்தக் கணினி வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.