பொற்கொம்பன் நாட்டுக்குத் தமிழ் அட்டைகள்

ஸ்லோவேனிய மொழியின் முதல் முழுநீளக் கதைப்படமான 'வ் கிரால்யெஸ்த்வு ஸ்லாத்தோரோகா' 1931இல் வெளிவந்த மௌனப்படம். அதன் இடையில் தோன்றும் எழுத்தட்டைகளுக்குத் தமிழ் வடிவம் செய்யும் வேலையைத் தொடங்கி இரண்டு மாதங்கள் ஆகின்றன. இப்போது பாதியைக் கடந்திருக்கிறேன்.

தலைப்புக்கு 'ஸ்லாத்தோரோகின் நாட்டில்' என்று பொருள். முதல் தடை அந்தப் பெயரிலேயே இருந்தது. 'ஸ்லாத்' பொன், 'ரோக்' கொம்பு. ஆகவே பொற்கொம்பன் என்பது தயங்காமல் வந்துவிட்டது. ஆனால், ஜூலியன் ஆல்ப்ஸின் நாட்டார் கதையில் வரும் அந்த வெள்ளை விலங்கை, வேடன் சுட்டபோது தன் குருதியிலிருந்து முளைத்த சிவப்பு மலரைத் தின்று உயிர் மீண்ட அந்த விலங்கை, வரையாடு என்று எழுதலாமா என்பதில் ஒரு வாரம் போயிற்று. வரையாட்டின் கொம்பு அடியிலிருந்தே பின்னோக்கி வளையும். ஆல்ப்ஸின் ஷாம்வா ஆட்டுக்கோ கொம்பு நேராக எழுந்து நுனியில் மட்டும் கொக்கிபோல் மடங்கும். எனவே 'மலையாடு' என்று பொதுவாக வைத்துக்கொண்டேன். படத்தில் வரும் 2,864 மீட்டர் உயரமுள்ள த்ரிக்லாவ் சிகரத்தின் பெயருக்கு 'மூன்று தலை' என்று பொருள் இருந்தாலும், அதை மொழிபெயர்க்கவில்லை.

இரண்டாவது சிக்கல் நேரம். அட்டை திரையில் நிற்கும் நேரத்தை நான் நீட்ட முடியாது. தமிழ் வினைமுற்றுகளோ நீளமானவை. 'ஏறிக்கொண்டிருக்கிறார்கள்' என்று எழுதியதை 'ஏறுகிறார்கள்' ஆக்கி, வாய்விட்டுப் படித்துப் பார்த்து, சில இடங்களில் 'ஏற்றம்' என்ற ஒரே சொல்லில் நிறுத்தினேன். படத்தை இயக்கிய யாங்கோ ராவ்னிக் இசையமைப்பாளர், பியானோ கலைஞர்; ஒலியில்லாத படத்தில் எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார் என்றே ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது.

படத்தைத் தயாரித்தது 'ஸ்காலா' என்ற மலையேற்றக் கழகம். அந்தப் பெயருக்கே பாறை என்றுதான் பொருள். அதில் நடித்தவர்களும் மலையேறிகளே. யெசெனிட்சே நகரின் இரும்பாலைத் தொழிலாளியான யோஜா சோப் பாறையில் கை வைக்கும் விதத்தைப் பார்த்தால், அவர் நடிக்கவில்லை, வழக்கம்போல் ஏறுகிறார் என்பது புரியும். அந்தப் பகுதிகளுக்காகவே பாறை முளை, சணல் கயிறு, பிடிமானம் என்று ஒரு சொற்பட்டியல் தயாரித்தேன். பாறையில் அடித்து இறக்கும் இரும்பு ஆணியைப் 'பிட்டன்' என்பதைவிட 'முளை' என்றால் வாசகருக்கு உடனே விளங்குகிறது.

இப்போது என்னை நிறுத்தி வைத்திருப்பது 'நாம்', 'நாங்கள்' என்ற வேறுபாடு. ஸ்லோவேனியத்தில் இருவரைக் குறிக்கத் தனி இருமை வடிவம் உண்டு; கேட்பவரையும் சேர்த்துச் சொல்கிறோமா இல்லையா என்ற பிரிவு அங்கில்லை. ஆகவே பேசுபவர் யாரைப் பார்த்துப் பேசுகிறார் என்பதைப் படத்திலிருந்துதான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அப்படி முடிவாகாத அட்டைகளை மட்டும் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். இந்த வாரம் அந்தக் காட்சிகளை மறுபடி ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்கப் போகிறேன்.