பழைய .22 ரைஃபிளுக்கு ஸ்கோப் பொருத்திய அனுபவம்: மவுண்ட், குறுக்குக்கோடு, குன்னூர் மூடுபனி

அப்பாவிடமிருந்து உரிமத்தோடு எனக்கு வந்த, பி.எஸ்.ஏ. என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் .22 அங்குல மார்ட்டினி ரைஃபிளில் ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி, ஏற்றும் வேலை ஒரு நிலைக்கு வந்துவிட்டது. மவுண்ட், அதாவது ஸ்கோப்பை ரைஃபிளோடு பிடித்து நிறுத்தும் தாங்கி, முடிவாகிவிட்டது. ரெட்டிகிள், அதாவது உள்ளே தெரியும் குறுக்குக்கோடு, ஏறக்குறைய முடிவான மாதிரிதான். 100 மீட்டருக்கான கணக்குகள் மட்டும் பாக்கி.

எஸ்டேட் காலத்து ரைஃபிள் இது. நெம்புகோலைக் கீழே இழுத்தால் அறை திறக்கும். ஒரு முறைக்கு ஒரு தோட்டாதான். பீப்பாயின் மேல் முன்னும் பின்னுமாக இரண்டு சிறிய இரும்புக் கட்டைகள் திருகப்பட்டிருக்கின்றன. நீளமான, மெல்லிய, முக்கால் அங்குலக் குழல் கொண்ட பழைய பாணி ஸ்கோப்பைத் தாங்குவதற்காக வைத்தவை அவை. இப்போது கடைகளில் கிடைக்கும் தடித்த ஸ்கோப்பை இதன் தலையில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. எடையும் ஒத்துவராது, உயரமும் ஒத்துவராது. ரைஃபிளின் மரப்பிடியில் கன்னம் பதியும் பகுதி தாழ்ந்திருப்பதால், ஸ்கோப் உயர்ந்தால் கன்னம் மரத்தைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். கன்னம் ஒரே இடத்தில் பதியாவிட்டால் எவ்வளவு நல்ல கண்ணாடி இருந்தும் பயனில்லை.

நீள் குழல் ஸ்கோப்பின் வரலாறு பெரியது. அமெரிக்காவில் சிரக்யூஸ் நகரத்து வில்லியம் மால்கம் 1855 வாக்கிலேயே இத்தகைய ஸ்கோப்புகளைச் செய்யத் தொடங்கினார். இருபதாம் நூற்றாண்டில் லைமன், யூனர்ட்டல் போன்றோர் அந்த அமைப்பை நுணுக்கமாக்கினார்கள். இன்றைய ஸ்கோப்பில் திருகைத் திருப்பினால் குழலுக்குள் இருக்கும் பாகம் நகரும். பழைய அமைப்பில் உள்ளே எதுவும் நகராது. பின் மவுண்டில் இருக்கும் மைக்ரோமீட்டர் திருகு முழுக் குழலையும் தள்ளும், எதிர்ப்புறத்திலிருந்து ஒரு வில் அதை அழுத்திப் பிடித்திருக்கும். எவ்வளவு திருப்பினாலும் குறுக்குக்கோடு கண்ணாடியின் நடுவிலேயே நிற்பது இதன் பெரிய அழகு. பெரிய ரைஃபிள்களில் சுட்டவுடன் பின்னதிர்வில் குழல் மவுண்டுக்குள் முன்னே வழுக்கிவிடும். ஒவ்வொரு முறையும் அதைப் பின்னுக்கு இழுத்து வைக்க வேண்டும். .22 தோட்டாவுக்கு அந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

இந்த மவுண்டில் கவனிக்க வேண்டியது கட்டைகளுக்கு இடையிலான தூரம். திருகின் ஒரு கிளிக், அதாவது ஒரு படி, குழலை அங்குலத்தில் பத்தாயிரத்தில் ஐந்து பங்கு நகர்த்துகிறது. கட்டைகள் 7.2 அங்குல இடைவெளியில் இருந்தால் அந்த நகர்வு 100 கஜத்தில் சரியாகக் கால் அங்குலம் ஆகும். எல்லாருடைய கணக்கும் அந்த 7.2ஐ வைத்தே எழுதப்பட்டிருக்கிறது. என் ரைஃபிளில் வெர்னியர் வைத்து அளந்தபோது 6.5 அங்குலம்தான் வந்தது. இடைவெளி குறைந்தால் அதே கிளிக் கூடுதலான கோணம் திருப்பும்.

காகிதத்தில் போட்ட கணக்கை அட்டையில் சுட்டுச் சரிபார்த்தேன். 50 மீட்டரில் ஓர் இடத்தில் சுட்டுவிட்டு, 20 கிளிக் மேலே ஏற்றி, அதே இடத்தைக் குறிபார்த்து மீண்டும் சுட்டேன். 7.2 அங்குலக் கணக்குப்படி 69 மில்லிமீட்டர் ஏற வேண்டும். 6.5 அங்குலக் கணக்குப்படி 77. இரண்டு குழுக்களின், அதாவது ஒவ்வொரு முறையும் சுட்ட துளைக் கூட்டங்களின், மையங்களை அளந்தால் 77ஐ ஒட்டியே வந்தது. எட்டு மில்லிமீட்டர் வித்தியாசம் சிறியதாகத் தெரியலாம். 50 மீட்டர் ரைஃபிள் அட்டையில் பத்துப் புள்ளி வட்டத்தின் முழு விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான். பழைய ரைஃபிள் வைத்திருப்பவர்கள் யாராக இருந்தாலும் முதலில் கட்டைகளின் இடைவெளியை அளந்து, தங்கள் கிளிக்கின் மதிப்பைத் தாங்களே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மவுண்ட் வாங்குவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

அடுத்தது சாய்வு. எங்கள் சுடுதளத்துக்கு வரும் ஓய்வுபெற்ற சுபேதார் ஐயா வெலிங்டனில் பலருக்குச் சுடக் கற்றுக்கொடுத்தவர். நான் ஸ்கோப்பைப் பொருத்தியதும் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "தம்பி, கோடு நேராக இருக்கிறதா என்று உங்கள் கண்ணைக் கேட்காதீர்கள், கொத்தனாரைக் கேளுங்கள்" என்றார். மறுநாள் தூக்குக்குண்டு ஒன்றைக் கொண்டுவந்து, சுடுதள ஓரத்துச் சில்வர் ஓக் மரத்துக் கிளையில் தொங்கவிட்டார். ரைஃபிளை மட்டம் பார்த்து இறுக்கி வைத்து, செங்குத்துக் கோடு அந்தக் கயிற்றோடு ஒன்றும்வரை குழலைச் சுழற்றினோம்.

இதற்கு அவர் சொன்ன காரணத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாதாரண வேக .22 குண்டு 100 மீட்டர் போவதற்குள் பீப்பாயின் நேர்க்கோட்டிலிருந்து ஏறத்தாழ அரை மீட்டர் கீழே இறங்கிவிடுகிறது. அந்த இறக்கத்துக்காகப் பீப்பாயை மேல்நோக்கி வைத்திருக்கிறோம். ரைஃபிள் மூன்று டிகிரி சாய்ந்தால் அந்த ஏற்றத்தில் ஒரு பங்கு பக்கவாட்டுக்குப் போய்விடும். குண்டு சுமார் இரண்டரை சென்டிமீட்டர் விலகும். காற்றே இல்லாத காலையில் குண்டு ஏன் வலப்பக்கம் போகிறது என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் முதலில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்ப்பது நல்லது.

இனி ரெட்டிகிள். அதிக நேரம் எடுத்தது இதுதான், அதிக மகிழ்ச்சி தந்ததும் இதுதான்.

இன்றைய ஸ்கோப்புகளில் கிறிஸ்துமஸ் மரம் போலக் கிளை கிளையாகக் கோடும் புள்ளியும் போட்டிருக்கிறார்கள். தூரம் தெரியாத இலக்குக்கும், திருகைத் தொடாமல் உயர்த்திப் பிடித்துச் சுடுவதற்கும் அவை உதவும். பாரம்பரிய இலக்குச் சுடுதலில் தூரம் முன்கூட்டியே தெரியும். 1874இல் நியூயார்க்கின் கிரீட்மூர் சுடுதளத்தில் அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் மோதியபோதும் 800, 900, 1000 கஜம் என்று தூரங்கள் வகுக்கப்பட்டே இருந்தன. அவர்கள் ஸ்கோப் இல்லாமல், துளை வழியே பார்க்கும் குறிப்பார்வையைத்தான் அளந்து ஏற்றினார்கள். தூரம் தெரிந்தால் திருகை ஏற்றிவிட்டு நடுவைப் பார்த்துச் சுடலாம். கூடுதல் கோடுகள் கண்ணைக் கலைப்பதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை. அதனால் நடுவில் என்ன இருக்க வேண்டும் என்பதை மட்டும் யோசித்தேன்.

ஸ்கோப்போடு வந்தது மயிரிழை போன்ற குறுக்குக்கோடு. முற்காலத்தில் இதற்குச் சிலந்தி நூலைக்கூடப் பயன்படுத்தினார்கள் என்பதை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. வெயில் அடிக்கும் காலையில் இதைவிடத் துல்லியமானது இல்லை. ஆனால் மேட்டுப்பாளையம் பக்கத்துப் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறத் தொடங்கியதும் வெள்ளை அட்டை சாம்பலாகிவிடும், கரு வட்டமும் சாம்பலாகிவிடும். கோடு இரண்டுக்கும் நடுவே காணாமல் போய்விடும். பனி இல்லாதபோதும் ஒரு சிக்கல் உண்டு: 50 மீட்டர் அட்டையின் கரு வட்டம் 112.4 மில்லிமீட்டர். கறுப்பின் மேல் மெல்லிய கறுப்புக் கோடு எங்கே சந்திக்கிறது என்று கண் ஊகிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய ஸ்கோப்பில் ஒரு கோண நிமிட (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) அளவுள்ள புள்ளி இருந்தது. பனியில் நன்றாகத் தெரிந்தது. ஆனால் ஒரு கோண நிமிடம் என்பது 50 மீட்டரில் 14.5 மில்லிமீட்டர். பத்துப் புள்ளி வட்டம் முழுவதையும் மூடி மிச்சமும் இருக்கும். வெள்ளை நடுவுள்ள பயிற்சி அட்டைக்கு நல்லது; கரு வட்டத்துக்கு ஒத்துவராது.

மூன்றாவதாகப் பார்த்தது, வெளிப்புறம் தடித்த நான்கு கால்களும் நடுவில் மெல்லிய கோடுகளும் கொண்டது. நடுக்கோட்டின் தடிமன் கால் கோண நிமிடம். 50 மீட்டரில் 3.6 மில்லிமீட்டர், அதாவது பத்துப் புள்ளி வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு. பனி ஏறும்போது நடுக்கோடு மங்கினாலும் தடித்த கால்கள் தெரிகின்றன. நான்கு கால்களின் நுனிகளும் கரு வட்டத்தின் விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் நடுவைத் தேட வேண்டியதே இல்லை. சமமான இடைவெளிகளைக் கண் மிக நுட்பமாகப் பிடித்துக்கொள்கிறது. மங்கிய வெளிச்சத்தில் மயிரிழைக் கோட்டோடு மேலும் கீழுமாகச் சிதறிய என் குழுக்கள், இதில் உயரத்தில் அடங்கிவிட்டன. இதையே வைத்துக்கொள்வதாக இருக்கிறேன். ஆறு டிகிரி குளிரும் பனியும் இல்லாத சமவெளிச் சுடுதளத்தில் மட்டும் சுடுபவராக இருந்தால் மயிரிழைக் கோட்டையே எடுத்திருப்பேன்.

இடமாறு தோற்றப் பிழையை, அதாவது கண் நகர்ந்தால் கோடும் இலக்கின் மேல் நகர்வதுபோல் தெரிவதை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரைஃபிளை மணல் மூட்டையில் அசையாமல் வைத்து, தலையை மட்டும் மெல்ல ஆட்டிப் பாருங்கள். கோடு அட்டையின் மேல் நகர்ந்தால், முன்கண்ணாடியின் குவியத்தை அந்தத் தூரத்துக்குத் திருப்ப வேண்டும். 50 மீட்டருக்கு ஓர் அடையாளம், 100க்கு ஓர் அடையாளம் என்று குழலில் மெல்லிய வண்ணக் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

குன்னூர் சுமார் 1850 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. குண்டு வேகத்தைச் சற்றுக் குறைவாகவே இழக்கிறது. கோயம்புத்தூரில் சரிபார்த்துக் கொண்டுவந்த ரைஃபிள் 50 மீட்டரில் அதே இடத்தில் சுட்டாலும் 100இல் கொஞ்சம் மேலே போவதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் இங்கே பகலில் வெயில் ஏற ஏறப் பள்ளத்திலிருந்து சரிவை நோக்கிக் காற்றும் ஏறுகிறது. அது உயரத்தின் லாபத்தை எளிதாக விழுங்கிவிடும். காலை ஒன்பது மணிக்கு முன் சுட்டவற்றை மட்டுமே குறிப்பேட்டில் கணக்காக எழுதுகிறேன்.

பராமரிப்பில் ஈரம்தான் எதிரி. ஸ்கோப்பைத் தோல் உறையில் வைக்க வேண்டாம். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக் கண்ணாடியில் பூஞ்சை படர இடம் கொடுக்கும். மூடியுள்ள பெட்டி, சிலிக்கா ஜெல், மவுண்டின் வில்லுக்கும் திருகுக்கும் துளி எண்ணெய் போதும்.

50இலிருந்து 100 மீட்டருக்குச் சுமார் எட்டுக் கோண நிமிடம் ஏற்ற வேண்டும்; என் மவுண்டில் அது 30 கிளிக் அளவு. 300 மீட்டர் அட்டையின் 600 மில்லிமீட்டர் கரு வட்டத்தை மூன்றில் ஒன்றாகச் சுருக்கி, 200 மில்லிமீட்டராக வரைந்து அச்சடித்து வைத்திருக்கிறேன். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை குன்னூர்ப் பக்கம் இறங்குவதற்குள் அந்த அட்டையில் சுட்டு, கிளிக் எண்ணிக்கையை உறுதிசெய்ய வேண்டும்.