யாரைத் தக்கவைப்பது, யாரை விடுவது: ஜயன்ட்ஸ் அணியின் கணக்கை வைத்து ஒரு பாடம்

என்.எஃப்.எல். (அமெரிக்கக் கால்பந்து லீக்) பார்க்கிறவர்களுக்கு சூப்பர் போல் என்ற இறுதி ஆட்டம் முடிந்தால் சீசன் முடிந்தது. அணிக்கு ஆள் சேர்க்கும் ஜெனரல் மேனேஜருக்கு அப்போதுதான் தலைவலி ஆரம்பம். மார்ச் நடுவில் ஃப்ரீ ஏஜென்சி (ஒப்பந்தம் முடிந்தவர்களை எந்த அணியும் எடுக்கக்கூடிய சந்தை) திறப்பதற்குள், ஒப்பந்தம் முடிகிற தன் ஆட்களில் யாரைக் கையெழுத்து வாங்கி நிறுத்துவது, யாரைப் போகவிடுவது என்று முடிவு செய்தாக வேண்டும். ஆள் திறமைசாலியா என்று மட்டும் பார்த்தால் பாதிக் கணக்குதான் தேறும். எந்த வரிசையில், எந்தத் தேதிக்குள் முடிக்கிறோம் என்பது மீதிப் பாதி. பல அணிகள் வழுக்குவது அந்த இரண்டாவது பாதியில்தான். நியூயார்க் ஜயன்ட்ஸ் 2022 முதல் 2024 வரை செய்ததை எடுத்துக்கொண்டால் இது நன்றாகப் புரியும்.

முதலில் பட்டியலைச் சுருக்கிவிடலாம். ஒரு சீசனில் குறைந்தது 6 ஆட்டங்களுக்கு முழுச் சம்பளப் பட்டியலில் இருந்தால்தான் அது ஒரு சீசனாகக் கணக்கில் ஏறும். அப்படி 4 சீசன் முடித்து ஒப்பந்தமும் முடிந்தவர் எங்கு வேண்டுமானாலும் போகலாம். 3 சீசன் முடித்தவர் ரெஸ்ட்ரிக்டட் ஃப்ரீ ஏஜென்ட். அவருக்கு அணி ஒரு டெண்டர் (ஓராண்டு ஒப்பந்த முன்மொழிவு) கொடுத்தால், வேறு அணி தருகிற தொகையை 5 நாளுக்குள் ஈடுகட்டி அவரை நிறுத்திக்கொள்ளலாம். 3 சீசனுக்கும் குறைவானவரைப் பற்றிக் கவலையே வேண்டாம், டெண்டர் கொடுத்தால் அவர் பேசக்கூடியது தன் அணியோடு மட்டும்தான். ஆக, உண்மையான சண்டை முதல் வகைக்காரர்களுக்காக.

2024-இன் தேதிகளைப் பாருங்கள். ஃப்ரான்சைஸ் டேக் போட மார்ச் 5 வரை அவகாசம். மார்ச் 11 நண்பகலில் இருந்து மற்ற அணிகள் ஒப்பந்தம் முடிகிறவர்களின் ஏஜென்ட்டுகளோடு பேசலாம். மார்ச் 13 மாலை 4 மணிக்கு லீகின் புதிய ஆண்டு தொடங்கும். அந்த ஆண்டு சேலரி கேப் (ஓர் அணியின் சம்பளச் செலவுக்கான உச்சவரம்பு) 25.54 கோடி டாலர். மார்ச் 11 தாண்டிவிட்டால் உங்கள் ஆளின் விலையை நீங்கள் தீர்மானிப்பதில்லை, மற்ற 31 அணிகள் தீர்மானிக்கின்றன.

ஃப்ரான்சைஸ் டேக் என்பது ஒப்பந்தம் முடிகிற ஆளை ஓராண்டுக்கு நிறுத்திவைக்க, ஆண்டுக்கு ஒருவருக்கு மட்டும் போடக்கூடிய பூட்டு. அவர் ஆடும் பொசிஷனில் அதிகம் வாங்கும் ஐந்து பேரின் தொகையை வைத்துப் போடுகிற கணக்கு, அல்லது அவருடைய பழைய சம்பளத்தில் 120 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதுதான் அவருக்கு அந்த ஆண்டுச் சம்பளம். இரண்டாவது முறை போட்டால் முந்தைய டேக்கில் 120 சதவீதம். மூன்றாவது முறை 144 சதவீதம். குவாட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) கிர்க் கசின்ஸுக்கு வாஷிங்டன் அணி 2016-இல் 1.995 கோடி, 2017-இல் 2.394 கோடி கொடுத்தது. 2018-இல் மூன்றாவது டேக் போட்டிருந்தால் சுமார் 3.45 கோடி ஆகியிருக்கும். போடவில்லை, முழுக்க உத்தரவாதமான 8.4 கோடி ஒப்பந்தத்தோடு மினசோட்டா வைக்கிங்ஸுக்குப் போய்விட்டார். இரண்டு ஆண்டு வாடகை கட்டி வீட்டைக் காலி செய்த கதை.

டேக்கில் இன்னொரு பொறி: ஆஃபென்சிவ் லைன் (குவாட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசை ஐவர்) முழுவதுக்கும் ஒரே தொகை. லெஃப்ட் டேக்கிள்கள் வாங்கும் பெரிய சம்பளம்தான் சென்டருக்கும் கார்டுக்கும் டேக் விலை. அதனால் நல்ல சென்டரை டேக் போட்டு நிறுத்தலாம் என்று நம்பி இருக்கக் கூடாது, அவரோடு டிசம்பரிலேயே பேசி முடித்துவிட வேண்டும். தற்காப்பில் நடுவில் ஆடும் லைன்பேக்கர்களுக்கும் இதே கதி. குவாட்டர்பேக்கைத் துரத்துகிற எட்ஜ் ஆட்களில் பலர் லைன்பேக்கர் என்றே பதிவாகி, அந்தப் பொசிஷனின் டேக் விலையை ஏற்றிவிடுகிறார்கள்.

இப்போது ஜயன்ட்ஸ். ஜோ ஷோன் ஜெனரல் மேனேஜராக வந்த 2022-இல், குவாட்டர்பேக் டேனியல் ஜோன்ஸின் ஐந்தாம் ஆண்டு ஆப்ஷனை (முதல் ஒப்பந்தத்தை ஓராண்டு நீட்டிக்கும் உரிமை) அணி எடுக்கவில்லை. எடுத்திருந்தால் 2023-க்கு சுமார் 2.24 கோடி. மூன்று ஆண்டுகள் சுமாராக ஆடியவர் என்பதால் அந்த முடிவில் அன்றைக்குத் தவறு சொல்ல முடியாது. ஆனால் 2022-இல் ஜோன்ஸ் நன்றாக ஆடினார், அணி பிளேஆஃப் போய் வைக்கிங்ஸை வென்றது. 2023 மார்ச்சில் ஜோன்ஸ், ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) சாக்வான் பார்க்லி இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒப்பந்தம் முடிகிறது. கையில் இருப்பதோ ஒரே டேக்.

மார்ச் 7, டேக் கெடு முடிவதற்குச் சற்று முன் ஜோன்ஸுக்கு 4 ஆண்டு, 16 கோடி டாலர். கையோடு பார்க்லிக்கு டேக்: 1 கோடியே 91 ஆயிரம். அந்த ஆண்டு குவாட்டர்பேக் டேக் விலை சுமார் 3.24 கோடி. அதாவது, 1 கோடி டாலரில் ஒரு ரன்னிங் பேக்கை ஓராண்டு பிடித்துவைக்க, ஒரே ஒரு நல்ல சீசனை மட்டும் காட்டிய குவாட்டர்பேக்குக்கு நான்கு ஆண்டு எழுதிக் கொடுத்தார்கள். ஜோன்ஸுக்கு டேக் போட்டிருந்தால் முழுத் தொகையும் அந்த ஆண்டு கேப்பிலேயே விழுந்திருக்கும், உண்மைதான். அந்த வலியை ஏற்றுக்கொண்டு இன்னொரு சீசன் பார்த்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து. 2023-இல் அவர் ஆடியது ஆறே ஆட்டம். கழுத்துக் காயம், பிறகு முழங்கால் தசைநார் (ஏ.சி.எல்.) கிழிந்தது. 2024 நவம்பரில் அணியே விடுவித்தது.

அதோடு தொல்லை தீரவில்லை. கையெழுத்துக்காக ஜோன்ஸுக்குக் கொடுத்த சைனிங் போனஸ் 3.6 கோடியை கேப் கணக்கில் ஒப்பந்தத்தின் 4 ஆண்டுகளுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 90 லட்சம். மிச்சம் இரண்டு ஆண்டுக்கு 1.8 கோடி. நடுவில் கேப்பில் இடம் பிடிக்கச் சம்பளத்தின் ஒரு பகுதியை போனஸாக மாற்றியிருந்தார்கள். அதன் பாக்கியும் சேர்ந்து 2025 கணக்கில் சுமார் 2.2 கோடி டெட் மணி. அணியில் இல்லாத ஆளுக்கு.

பார்க்லி விஷயத்தில் பலரும் அவரை விட்டதுதான் பிழை என்கிறார்கள். 2024-இல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் 3 ஆண்டுக்கு 3.775 கோடி கொடுத்தது, அவர் 2,005 யார்டு ஓடினார், ஈகிள்ஸ் சூப்பர் போலையும் வென்றது. ஆனால் ஃபிலடெல்ஃபியாவின் லைனுக்குப் பின்னால் ஓடுவதும் ஜயன்ட்ஸ் லைனுக்குப் பின்னால் ஓடுவதும் ஒன்றல்ல. பிழை அதற்கு முந்தியது. நீண்ட ஒப்பந்தம் வேண்டாம் என்று 2023 ஜூலையிலேயே முடிவாகிவிட்டது. அணியும் அந்த சீசனில் சரிந்துகொண்டிருந்தது. அக்டோபர் டிரேட் கெடுவுக்குள் அவரை வேறு அணிக்கு மாற்றி ஒரு டிராஃப்ட் இடமாவது (கல்லூரி ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு) வாங்கியிருக்க வேண்டும். அதே கெடுவில் டிஃபென்சிவ் லைன்மேன் லியனார்ட் வில்லியம்ஸை சியாட்டிலுக்குக் கொடுத்து 2024 இரண்டாம் சுற்று, 2025 ஐந்தாம் சுற்று இடங்களை வாங்கினார்களே, அதுதான் சரியான வேலை.

சேஃப்டி (தற்காப்பின் கடைசி வரிசையில் ஆடுபவர்) சேவியர் மெக்கின்னியை 2024 மார்ச்சில் விட்டது எனக்கு இன்னும் வருத்தம் தருகிற முடிவு. வயது 24, முந்தைய சீசனில் ஓய்வே இல்லாமல் ஆடியவர். கிரீன் பே பேக்கர்ஸ் 4 ஆண்டுக்கு 6.7 கோடி கொடுத்தது. முதல் சீசனிலேயே 8 இன்டர்செப்ஷன் (எதிரணி வீசிய பந்தைப் பறிப்பது), ஆண்டின் சிறந்தவர்கள் அடங்கிய ஆல்-ப்ரோ அணியில் இடம். அந்த ஆண்டு ஜோன்ஸின் கேப் ஹிட் (கேப் கணக்கில் ஏறும் தொகை) மட்டும் சுமார் 4.79 கோடி, மொத்த கேப்பில் 19 சதவீதத்துக்கு அருகே. மெக்கின்னிக்கு இடமில்லாமல் போனதில் இதற்குப் பெரும் பங்கு. வில்லியம்ஸைக் கொடுத்து வாங்கிய டிராஃப்டின் 47-ஆவது இடத்தில் டைலர் நூபின் என்ற சேஃப்டியை எடுத்து ஓட்டையை அடைத்தார்கள்.

உங்கள் அணிக்கு இந்தப் பட்டியலைப் போடும்போது இன்னொன்றையும் கட்டாயம் பாருங்கள்: வாய்ட் ஆண்டுகள். கேப்பில் இடம் பிடிக்க, ஆளே ஆடப்போகாத போலி ஆண்டுகளை ஒப்பந்தத்தின் கடைசியில் ஒட்டுவார்கள். போனஸை அதிகபட்சம் 5 ஆண்டுக்குப் பிரிக்கலாம். 2 ஆண்டு நிஜம், 3 ஆண்டு போலி, போனஸ் 2.5 கோடி என்றால் ஆண்டுக்கு 50 லட்சம்தான் தெரியும். இரண்டாண்டு முடிந்து ஒப்பந்தம் கலையும் அன்று மிச்சம் 1.5 கோடியும் ஒரே தடவையில் கேப்பில் விழும். கலையும் தேதிக்கு முன் புது ஒப்பந்தம் போட்டால் அது பிரிந்தே கிடக்கும். கசின்ஸை 2024 மார்ச் 13-க்குள் வைக்கிங்ஸ் திரும்ப எடுக்காததால் அந்த அணிக்கு விழுந்தது 2.85 கோடி. ஆனாலும் அதற்குப் பயந்து அவரை வைத்திருந்தால் தவறாகியிருக்கும். 35 வயது, அகில்லிஸ் தசைநார் கிழிந்த கால். அட்லான்டா ஃபால்கன்ஸ் 4 ஆண்டு, 18 கோடிக்கு எடுத்து, அதே டிசம்பரில் பெஞ்சில் உட்காரவைத்தது. வைக்கிங்ஸோ சாம் டார்னால்டை ஓராண்டு, 1 கோடிக்கு எடுத்து 14 வெற்றி, 3 தோல்வி என்று முடித்தது. கொட்டிவிட்ட பணத்தைக் காப்பாற்ற மேலும் பணம் கொட்டக் கூடாது, அந்த 2.85 கோடி எப்படியும் ஒருநாள் விழ வேண்டியதுதான்.

போகவிடுகிறவர்களுக்கும் விலை உண்டு. நீங்கள் இழந்த ஆட்களின் மதிப்பு, வெளியிலிருந்து எடுத்தவர்களின் மதிப்பைவிட அதிகமானால், அடுத்த ஆண்டு டிராஃப்டில் 3 முதல் 7-ஆம் சுற்றுக்குள் ஈட்டு இடம் கிடைக்கும், ஓர் அணிக்கு அதிகபட்சம் 4. சம்பளம்தான் பெரிய அளவுகோல். எத்தனை ஸ்னாப் (பந்து நகரும் ஒவ்வொரு தடவையும்) ஆடினார் என்பதும் சேரும். ஒப்பந்தம் முடிந்து போனவர்கள் மட்டும்தான் கணக்கு. அணியே வெட்டிவிட்டவர் சேரமாட்டார். அதனால்தான் ரேவன்ஸ் மாதிரி அணிகள் மார்ச்சில் வேறு அணி வெட்டிவிட்ட ஆட்களாகத் தேடிப் பிடிக்கின்றன, ஈட்டு இடம் அடிபடாது.

கடைசியாக, இரண்டாம் வரிசை ஆட்கள். மூன்றாவது கார்னர்பேக், மாற்று டைட் எண்ட், கிக் கவரேஜில் ஓடுகிறவர். இவர்களுக்குச் சந்தை திறக்கும் முதல் வாரத்தில் விலையை ஏற்றிப் பேசவே வேண்டாம். ஒரு தொகையை எழுதி ஏஜென்ட்டிடம் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். முதல் வாரம் போனபின் சந்தையில் பணம் வற்றும், ஓராண்டு ஒப்பந்தத்துக்கு அவர்களே திரும்பி வருவார்கள். வெளியாளை எடுப்பதாக இருந்தாலும் டிராஃப்ட் முடிந்த திங்கட்கிழமை கழிந்து எடுங்கள், அதற்குப் பிறகு எடுப்பவர் ஈட்டுக் கணக்கில் சேரமாட்டார்.