கரண்டு இப்பமே கொல்லும்

"தூசி இண்ணைக்குக் கொல்லாது சாரே. கரண்டு இப்பமே கொல்லும்."

சமையல் மேடைக்கான கிரானைட்டில் சிங்க் ஓட்டை எடுக்க நின்ற மேஸ்திரி சொன்னது. தூசி பறக்காமல் இருக்கத் தண்ணீர் விட்டு வெட்டச் சொன்னதற்கு அவர் தந்த பதில். தமிழக-கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இதே பேச்சு வேறு வேறு விதமாகக் காதில் விழுவதுதான். இவர் சொன்னது மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. காரணம், அன்று அவர் கையில் இருந்த மெஷினை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி.

அது நாலு இஞ்ச் கிரைண்டர், டைமண்ட் பிளேடு மாட்டியது. மோட்டார் சூடாகாமல் இருக்க உடம்பிலுள்ள துளைகள் வழியாகக் காற்றை இழுக்கும். தண்ணீர் தெறித்தால் அதையும் சேர்த்து இழுக்கும். ஒயரில் டேப் சுற்றிய ஒட்டு. பிளக் கிடையாது, சாக்கெட்டில் ஒயரைச் சொருகித் தீக்குச்சி இறுக்கியிருந்தது. போர்டில் ஆர்சிசிபி, அதாவது கசிவு கண்டதும் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச், இல்லை. இப்படி இருக்கும்போது கையாளை மக்கில் தண்ணீர் ஊற்றச் சொன்னால் ஆபத்து நுரையீரலிலிருந்து கைக்கு இடம் மாறும், அவ்வளவுதான். ஆகவே முடிவு இப்படிப் போனது: தண்ணீர் வேண்டாம், கிரானைட் பலகை வெளியே போகட்டும், தூசி வடிகட்டும் எஃப்எஃப்பி2 மாஸ்க் போட்டு உலர்வாகவே வெட்டட்டும்.

இந்த முடிவுக்கு ஆதரவாகக் கணக்குப் போடலாம். கிரானைட்டில் சிலிக்கா, அதாவது தூசியாகி நுரையீரலைக் கெடுக்கும் குவார்ட்ஸ் போன்ற கனிமம், பொதுவாக 20 முதல் 45 சதவீதம். அமெரிக்காவின் 2016 விதிப்படி, எட்டு மணி நேரச் சராசரியில் ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம் சிலிக்காவுக்கு மேல் கூடாது. நம் 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணையில் ஒரு சூத்திரம் இருந்தது: நுரையீரலின் ஆழம்வரை போகும் நுண்தூசியிலுள்ள குவார்ட்ஸ் சதவீதத்தோடு 2 கூட்டி, அதனால் 10-ஐ வகுக்க வேண்டும். 30 சதவீதம் என்றால் வரம்பு கன மீட்டருக்கு 0.31 மில்லிகிராம் தூசி. அதில் சிலிக்கா சுமார் 94 மைக்ரோகிராம், அதாவது அமெரிக்க வரம்பைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. (வீட்டு முற்றம் தொழிற்சாலையும் அல்ல, அது வேறு கதை.) சரியாகப் பொருந்திய இந்த மாதிரி அரைமுக மாஸ்க் உள்ளே வரும் தூசியைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கும் என்று வைப்பார்கள். சிங்க் ஓட்டை இருபது நிமிட வேலை, எட்டு மணி நேரத்தில் 24-இல் ஒரு பங்கு. காகிதத்தில் தேறிவிடும்.

காகிதத்தில்தான். மேஸ்திரிக்கு அந்த ஒரு ஓட்டை மட்டுமா வேலை? காலையில் டைல், மதியம் ஒயரிங்காரருக்குச் சுவரில் ஒயர் போகும் காடி, சாயங்காலம் இன்னொரு வீட்டில் படிக்கல். பத்தில் ஒன்று என்பதும் மாஸ்க் தோலோடு ஒட்டினால் மட்டும்தான். அவர் மலைக்கு மாலை போட்டிருந்தார். விரதம் முடியும்வரை தாடியை எடுக்கச் சொல்ல எந்தப் பாதுகாப்பு அதிகாரிக்கும் நாக்கு எழாது, எழவும் கூடாது. தாடிக்கு மேல் மாஸ்க் இறுகாது, வடிகட்டியை விட்டுவிட்டு ஓரம் வழியாகவே காற்று போகும். தாடி உள்ளவருக்கு மின்விசிறி வடிகட்டிய காற்றை உள்ளே ஊதும் தலைக்கவசம்தான் வழி, இந்த மாதிரி வேலையிடங்களில் அதை யாரும் கண்டதில்லை. தலைக்குப் பின்னால் இரட்டைப் பட்டை போடும் மாஸ்கையும் காதில் மாட்டுவதையும் ஒரே சாமான் என்றே கடையில் விற்கிறார்கள். தோர்த்தை (துண்டை) முகத்தில் கட்டினால் வெறும் ஆறுதல்தான்.

பலகையைப் பிடித்துக்கொண்டு எதிரில் நின்ற கையாளுக்கு மாஸ்கே இல்லை. பிளேடு தூசியை எந்தத் திசையில் எறிகிறதோ அங்கேதான் அவர் முகம்.

வெளியே வெட்டுவதும் முழுத் தீர்வு அல்ல. ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றே பாதி வேலையைப் பார்த்துவிடும். மேற்கே ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் இலை அசையாது. காற்று இருந்தாலும் முதுகுக்குப் பின்னாலிருந்து வரக்கூடாது, உடம்பில் தட்டி முன்னால் சுழன்று தூசியை மூக்குக்கே திருப்பும். பக்கவாட்டில் வர வேண்டும். இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை), துலாமழை (வடகிழக்குப் பருவமழை) இரண்டும் பெய்கிற ஊர் இது. மழை வந்ததும் பலகை அறைக்குள் போய்விடும், சன்னலில் பிளாஸ்டிக் கட்டியிருக்கும்.

தண்ணீர்தான் சரி, சந்தேகமே இல்லை. தண்ணீர்க் குழாய் வைத்த மார்பிள் கட்டர், 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி, ஒட்டில்லாத ரப்பர் ஒயர். கையில் பிடித்து வெட்டும் மெஷினுக்கு நிமிடத்துக்கு அரை லிட்டர் தண்ணீர், பிளேடு கல்லைத் தொடும் இடத்தில் விழ வேண்டும். மூடியில் ஓட்டை போட்ட ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு நிமிடம்தான் தாங்கும், அதனால்தான் பாதியில் கைவிடுகிறார்கள். வயலில் மருந்தடிக்கும் 16 லிட்டர் தெளிப்பான் அரை மணி நேரம் ஓடும், ஆனால் மருந்து தொடாத புதியது வேண்டும். ஜெனரேட்டரில் ஓட்டினால் இன்னொரு சிக்கல். நியூட்ரலை எர்த் செய்யாவிட்டால் ஆர்சிசிபியை நம்ப முடியாது. டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழும், ஆள் மேல் கசிவு ஏறும்போது விழாமல் போகலாம். அப்புறம் சேறு. வெட்டிய சேற்றை ஈரத்தோடு வழித்துச் சாக்கில் கட்டாமல் விட்டால், மறுநாள் காய்ந்ததைப் பெருக்குகிற பெண் அந்தத் தூசியை முழுக்க வாங்குவார். பெயிண்ட்டுக்கு முன் சுவரில் பூசிய பட்டியைத் தேய்க்கும்போது வரும் வெள்ளைப் புகையைக் கண்டு ஓடுகிறவர்கள் இதைக் கண்டுகொள்வதில்லை. பட்டியில் பெரும்பகுதி சுண்ணாம்பு வகைத் தூள், சிலிக்கா குறைவு.

இவ்வளவும் தெரிந்து அன்று எதுவும் கைவசம் இல்லை. வேலையை நிறுத்தியிருக்கலாம் என்று தோன்றும். நிறுத்தினால் நாளைக்கு யாரும் பார்க்காத வேறொரு வீட்டில் அதே மெஷினில் வெட்டியிருப்பார் என்றும் தோன்றும். இரண்டாவது வாதம் எப்போதும் வசதியாகவே வந்து நிற்கிறது.

மேஸ்திரியின் பேச்சில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. கரண்டு அடித்தால் எந்த வீடு, எந்தக் காண்ட்ராக்டர் என்பதில் குழப்பமில்லை. சிலிக்கா தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிகோசிஸ் பெரும்பாலும் பத்து வருடம் தாண்டித்தான் தலைகாட்டும். அதற்குள் அவர் மார்த்தாண்டத்திலும் பாறசாலையிலும் திருவனந்தபுரத்திலும் எத்தனையோ பேரிடம் வேலை பார்த்திருப்பார். எக்ஸ்ரேயில் மேல் பகுதியில் புள்ளிகள் தெரியும், காசநோய் என்று மருந்து கொடுப்பார்கள். சிலிக்கா ஏறிய நுரையீரலில் காசநோயும் எளிதில் தொற்றும் என்பதால் அது முழுத் தவறாகவும் இருக்காது. சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் சிலிகோசிஸ் இருக்கிறது. நஷ்ட ஈட்டை யாரிடம் கேட்பார்?

இப்போது கிரானைட்டைக் கடையிலேயே, தண்ணீர் ஓடும் பெரிய மெஷினில், சிங்க் ஓட்டையோடு வெட்டி வாங்கச் சொல்லலாம். அதற்கு சிங்க் முதலிலேயே கையில் இருக்க வேண்டும். வீட்டுக்காரர் அதைக் கடைசியில்தான் வாங்குவார். சிங்க் வந்துவிட்டாலும் சுவர் மூலை மட்டத்தில் இருக்காது, ஓரத்தில் கால் இஞ்ச் சீவ வேண்டியிருக்கும், கிரைண்டர் வெளியே வரும். அந்தக் கால் இஞ்சுக்காகத் தெளிப்பானையும் ஆர்சிசிபி போர்டையும் பைக்கில் கட்டிக்கொண்டு வரச் சொன்னால் காண்ட்ராக்டர்கள் சிரிக்கிறார்கள். சிலர் கொண்டுவருகிறார்கள்.